காந்திபுரம் சந்தில் ஒரு வாய் சோறு

டாக்டர் சொன்னது ஒரே ஒரு வார்த்தை. “சர்க்கரை.” அந்த வார்த்தையோடு என் வீட்டில் ஆட்சி மாறிவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து காந்தலில் இருக்கும் வீட்டுக்கு வந்து நான் செருப்பைக் கழற்றுவதற்குள், என் மனைவி சுகுணா அரிசி மூட்டையை அடுத்த வீட்டு சரிதாவுக்குத் தாரை வார்த்துவிட்டாள். பெண்ணைக் கட்டிக்கொடுத்த தகப்பன் போல வாசலில் நின்று அதை வழியனுப்பினேன். மூட்டை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை தட்டில் பழுப்பாக ஏதோ இருந்தது.

“என்ன அம்மிணி இது?”

“கொள்ளுங்க.”

என் காதில் அது ‘கொல்லுங்க’ என்று விழுந்தது. யாருக்கு உத்தரவு போடுகிறாள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

“மத்தியானத்துக்கு?”

“ராகிக் களி.”

“பொழுதோட?”

“ஓட்ஸ் கஞ்சி.”

“அப்போ சோறு?”

“அது சரிதா ஊட்டுக்குப் போயிருச்சுங்க.”

ஓட்ஸுக்கு நான் என்றைக்குமே ஓட்டுப் போட்டதில்லை. ஆனால் எங்கள் வீட்டில் தேர்தல் நடப்பதில்லை. ஊருக்குப் பேர் ஊட்டி. இங்கே எனக்கு ஒரு வாய் சோறு ஊட்ட ஆளில்லை.

நான் ஜெகதீசன். சோலூர்ப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறேன். பிறந்தது கீழே அன்னூரில். அன்னூர்க்காரனுக்கு அரிசிம்பருப்புச் சோறு என்பது சாப்பாடு இல்லை, ரத்த குரூப். அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, எல்லாம் ஒரே குக்கரில் உள்ளே போய் ஒன்றுக்குள் ஒன்று சமாதானமாகி வெளியே வரும். மேலே நெய். மூடுபனி ஜன்னலைத் தட்டுகிற ஊரில் மற்றவர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொள்வார்கள். நான் அரிசிம்பருப்பு போட்டுக்கொள்வேன். அதைப் பறித்துவிட்டு எனக்குக் குளிரவில்லையா என்று கேட்டால் என்ன சொல்வது?

கடவுள் மேனேஜர் ஜெஃப்ரி ரூபத்தில் வந்தார். கோயமுத்தூர் குடோனில் கணக்கு பார்க்கிறவர் நீண்ட லீவில் போய்விட்டார். மூன்று மாதத்துக்கு ஒரு ஆள் வேண்டும். திங்கட்கிழமை இறங்கி வெள்ளிக்கிழமை ஏறிக்கொள்ளலாம். வெயிலுக்குப் பயந்து எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் மட்டும் கம்பெனியின் நலனுக்காகத் தலையை நிமிர்த்தினேன். கண்ணில் நெய் மினுங்கியதை அவர் கவனிக்கவில்லை.

சுகுணாவிடம் முகத்தை மூன்று முழத்துக்குத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னேன்.

“வேற வழியே இல்லியாமா. போய்த்தான் ஆகணும்ங்கறாரு.”

“போயிட்டு வாங்க” என்றாள். ராகி மாவு, கொள்ளு, ஓட்ஸ் என்று ஒரு பையைக் கட்டிக்கொடுத்தாள். “கண்டதைத் தின்னாதீங்க. மூணு மாசம் கழிச்சு டெஸ்ட் எடுக்கறோம். ரத்தம் பொய் சொல்லாதுங்க.”

ரத்தம் சொல்லாது. வாய் எதற்கு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பையைக் கோயமுத்தூரில் நான் தங்கிய கட்டடத்து வாட்ச்மேன் ஆண்டியிடம் கொடுத்தேன். அவர் வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, “ஏனுங்க, மாடு வெச்சிருக்கீங்களா?” என்று கேட்டார்.

முதல் வாரம் நான் சாப்பிடவில்லை, பழி தீர்த்தேன். பிரியாணி, பரோட்டா, காளான், மறுபடியும் பிரியாணி. இரண்டாவது வாரம் வயிறு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டது. அப்போதுதான் புரிந்தது. பெரிய ஊரில் எல்லாம் கிடைக்கிறது, சோறு மட்டும் கிடைப்பதில்லை. வீட்டில் சாப்பிட்ட மாதிரி உள்ளே இறங்கி, ‘சரி, இனி எதுவும் பரவாயில்லை’ என்று சொல்ல வைக்கிற சோறு.

தேட ஆரம்பித்தேன். செல்போனில் ‘ஊட்டுச் சாப்பாடு’ என்று பேசினேன். அது ஊட்டிக்குப் போக டாக்சி ஏற்பாடு செய்ய முயன்றது. ஒரு கடையில் ‘வீட்டுச் சாப்பாடு’ என்று போர்டு. யார் வீட்டுச் சாப்பாடு என்று போடவில்லை. சாப்பிட்ட பிறகு தெரிந்தது, பகையாளி வீடு. ஏ.சி. ஓட்டல் ஒன்றில் அரிசிம்பருப்பு கிடைக்கும் என்றார்கள். பொம்மைச் சட்டி ஒன்றில் இரண்டு கரண்டி வந்தது. மேலே ஒரு புதினா இலை. கொண்டுவந்த பையன் பில்லோடு ஒரு பேனாவும் கொடுத்து, சாப்பாடு எப்படி இருந்தது என்று எழுதச் சொன்னான். எழுதுகிற அளவுக்கு அதில் சாப்பாடு இல்லை.

அந்த வாரம் வீட்டுக்கு வந்தபோது பின்பக்கத்துச் சுவரோரம் விஜயன் நின்றுகொண்டிருந்தார். சரிதாவின் வீட்டுக்காரர். டாக்சி ஓட்டுகிறவர், கோயமுத்தூருக்கு அடிக்கடி இறங்கி ஏறுவார்.

“என்னங்கண்ணா, வாடிப் போயிட்டீங்க” என்றார்.

என் குறையைக் கொட்டினேன். அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

“காந்திபுரத்துல ஒரு மெஸ்ஸு இருக்குதுங்கண்ணா. சந்துக்குள்ள போகோணும். ஜானகியம்மாள்னு ஒரு பெரியம்மா நடத்தறாங்க. அரிசிம்பருப்பு ஒரு வாய் வெச்சீங்கன்னா அழுதுபோடுவீங்க.”

“சுகுணாவுக்குத் தெரிஞ்சா?”

“நான் ஏனுங்க சொல்றேன்?”

“சரிதாகிட்ட?”

“எங்க ஊட்ல நான் பேசறதே கெடையாதுங்கண்ணா. கேக்கறதோட செரி.”

இப்படி ஒரு நண்பன் வாய்க்க முன்ஜென்மத்தில் அன்னதானம் செய்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜானகியம்மாள் மெஸ்ஸில் இருந்தது ஒரே ஒரு நீள மேசை. சூலூரிலிருந்து வரும் நூல் வியாபாரி சுப்பண்ணன், ரிட்டையரான பேங்க்காரர் ஒருவர், இன்னும் சில பேர் உட்கார்ந்து குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கும் இலை விழுந்தது. ஆவி பறக்க அரிசிம்பருப்பு விழுந்தது. ஒரு சின்னக் கரண்டி நெய் விழுந்தது. ஒரு வாய் வைத்தேன்.

விஜயன் சொன்னது உண்மை. அழுதேன்.

“காரமுங்களா சாமி?” என்றார் ஜானகியம்மாள்.

“இல்லீங்கம்மா. ஊட்டு ஞாபகம்.”

“இன்னும் ஒரு கரண்டி வெக்கட்டுங்களா?”

“ஞாபகம் இன்னும் இருக்குதுங்க. வெய்யுங்க.”

வயிறு நிறைந்ததும் எனக்கு வாய் திறந்துகொண்டது. சாதத்தை விரலில் எடுத்து எல்லோருக்கும் காட்டினேன். “பாருங்க, எப்படிப் பொடிப்பொடியா இருக்குதுன்னு. இது சீரகச் சம்பாதானுங்களே? என்னை யாரும் அரிசியில ஏமாத்த முடியாதுங்க. கண்ணைக் கட்டிட்டு வாயில போட்டாலும் எந்த வயல்னு சொல்லிப்போடுவேன்.”

ஜானகியம்மாள், “அந்த மாதிரிதானுங்க” என்று சொல்லிவிட்டு அவசரமாக உள்ளே போனார். சுப்பண்ணனுக்குப் புரை ஏறியது. பேங்க்காரர் சுவர்க் காலண்டரை உற்றுப் பார்த்தார். என் ஞானத்தைப் பார்த்து வாயடைத்துப் போனார்கள் என்று எடுத்துக்கொண்டேன். அதிலிருந்து தினமும் இரண்டு வேளை அங்கேதான். ஒவ்வொரு வேளையும் அரிசியைப் பற்றி அவர்களுக்குப் பாடம் நடத்தினேன். பழைய அரிசி, புது அரிசி, கைக்குத்தல், மெஷின் குத்தல். நன்றாகக் கேட்டுக்கொண்டார்கள். ஒருவர்கூட எதிர்த்துப் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை ஆனால் வேஷம் மாற்ற வேண்டும். மேட்டுப்பாளையம் தாண்டியதும் முகத்தைச் சுருக்க ஆரம்பிப்பேன். குன்னூர் வரும்போது கன்னம் ஒட்டியிருக்கும். காந்தலில் இறங்கும்போது பார்க்கிறவர்கள் இடம் விட்டு ஒதுங்குவார்கள்.

“பாவம், எளச்சுப் போயிட்டீங்க” என்பாள் சுகுணா.

“கொள்ளு எறங்கவே மாட்டேங்குது சுகுணா. உனக்காகத்தான் திங்கறேன்.”

“எனக்காகத்தான் திங்கறீங்க. தெரியுதுங்க” என்பாள், ரொம்பக் கனிவாக.

எனக்கு மனசு உறுத்தியது. ஒரு நிமிஷம். அதற்குள் நெய் வாசனை நினைவுக்கு வந்து உறுத்தலை அனுப்பிவைத்துவிடும். ஒரு விஷயம் மட்டும் விளங்கவில்லை. பேன்ட் நிஜமாகவே இடுப்பில் நிற்கவில்லை. கோயமுத்தூர் வெயில் உருக்குகிறது என்று முடிவு செய்து பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டுக்கொண்டேன்.

டெஸ்ட் நாள் வந்தது. கோயமுத்தூர் டெபுடேஷன் முடிய ஒரு வாரம் பாக்கி இருந்தது. ரத்தம் எடுக்கக் கையை நீட்டியபோது நான் தூக்குத்தண்டனைக் கைதி. ரிசல்ட்டைப் பார்த்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“நல்லாக் கொறைஞ்சிருக்கே. இப்படியே சாப்பிடுங்க” என்றார்.

இப்படியே சாப்பிடுங்க. டாக்டர் வாயால். சுகுணா பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் எனக்குள் ஒரு புரட்சி வெடித்தது. மூன்று மாதம் அரிசி தின்றேன். சர்க்கரை இறங்கிவிட்டது. அப்படியென்றால் அரிசிதானே எனக்கு மருந்து? இனி ஒளிவு எதற்கு? உண்மையைச் சொல்லி, அரிசி மூட்டையை மேளதாளத்தோடு திரும்ப அழைத்துவர வேண்டியதுதான். சாட்சி இருக்கட்டும் என்று சரிதாவையும் விஜயனையும் வீட்டுக்குக் கூப்பிட்டேன். விஜயன் என் முகத்தைப் பார்த்ததும் கதவோரமாக நின்றுகொண்டார். கண்ணால் ஏதோ ஜாடை வேறு காட்டினார். வீர உரைக்கு முன் ஜாடையைப் பார்க்க யாருக்கு நேரம்?

“சுகுணா, நான் மூணு மாசமா கோயமுத்தூர்ல கொள்ளைத் தொடவே இல்லை.”

“அப்படீங்களா.”

“ராகி மாவு, ஓட்ஸ், எல்லாத்தையும் வாட்ச்மேனுக்குக் குடுத்துட்டேன்.”

“செரிங்க.”

“ரெண்டு வேளையும் காந்திபுரத்துல ஒரு மெஸ்ஸுல அரிசிம்பருப்புச் சோறு. நெய்யோட.”

“செரிங்க.”

குரலை உயர்த்தினேன். “ரிசல்ட்ட நீயே பார்த்தே. டாக்டரே இப்படியே சாப்பிடுங்கன்னுட்டாரு. அதனால, இன்னைலிருந்து இந்த ஊட்ல அரிசிதான்.”

சுகுணா பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தவில்லை.

“அது சாமைங்க” என்றாள்.

“எது?”

“நீங்க தின்னது. சாமைச் சோறு. அரிசி கெடையாது.”

நான் சிரித்தேன். நான் ஒருவன்தான் சிரித்தேன். சரிதா தரையைப் பார்த்தாள். விஜயன் கதவைப் பார்த்தார்.

“சரிதாவோட தங்கச்சி தேவி கோயமுத்தூர்ல சர்க்கரை ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்குதுங்க. அதுதான் அந்த மெஸ்ஸச் சொல்லுச்சு. பருப்பு தூக்கலா, நெய் அளவா, எல்லாம் பார்த்துப் போடுவாங்களாமா. நீங்க மொத வாரம் வந்தப்பவே சட்டையெல்லாம் பிரியாணி வாசம். நானே அங்க போங்கன்னு சொல்லியிருந்தா போவீங்களா?”

போயிருக்க மாட்டேன்.

“விஜயண்ணன் திருட்டுத்தனமாச் சொன்னா ஓடுவீங்கல்ல? அதான் செவுத்தோரம் நின்னு சொல்லச் சொன்னேன்.”

“விஜயா?” என்று திரும்பினேன்.

“நாந்தான் சொன்னேனுங்களே அண்ணா, எங்க ஊட்ல நான் கேக்கறதோட செரின்னு” என்றார் அவர். சொல்லிவிட்டு ஆளே காணோம்.

மனைவி ஏமாற்றியதை மன்னிக்கலாம். அது குடும்ப விவகாரம். இலை போட்டு, சாமி சாமி என்று அழைத்து, ஊட்டு ஞாபகத்துக்கு மேலே இன்னொரு கரண்டி வைத்த அந்தம்மா ஏமாற்றியதைத்தான் தாங்க முடியவில்லை. என் நிலைமை போகட்டும். அந்த சுப்பண்ணன்? அந்த பேங்க்காரர்? சம்பா என்று நம்பி நாள்தோறும் தலை குனிந்து தின்னும் அந்த அப்பாவிகள்? அவர்களுக்காகவாவது நான் பேசித்தான் ஆக வேண்டும். போனை எடுத்தேன்.

“ஏனுங்கம்மா, இது நியாயமுங்களா? சோறுன்னு சொல்லிச் சாமையப் போட்டிருக்கீங்க. திங்கக்கெழம வந்து சுப்பண்ணங்கிட்ட, பேங்க்காரர்கிட்ட, அத்தன பேருகிட்டயும் உண்மையச் சொல்லிப்போடறேன்.”

ஜானகியம்மாள், புண்ணுக்கு மருந்து வைக்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்.

“அவங்கெல்லாம் சாமைச் சோத்துக்குத்தான் சாமி தேடி வர்றாங்க. நீங்க அரிசியப் பத்திப் பேச ஆரம்பிச்சா ஒருத்தரும் சிரிக்கக்கூடாதுன்னு உங்க ஊட்டுக்காரம்மா மொத நாளே போன் பண்ணிக் கேட்டுக்கிட்டாங்க, பாவம் அந்த சுப்பண்ணன்தான் மூணு மாசமா அடக்க முடியாம வேட்டி நுனியக் கடிச்சுக் கடிச்சுக் கிழிச்சுப்போட்டாரு.”