கை நனைக்காத சம்பந்தியம்மா

நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் காரியத்தில் நான் உதவிக்கு இறங்கினால் அது எப்படி முடியும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தெரியவரும்.

நானும் என் கணவர் பிரபுவும் ஒரு குழந்தையைத் தத்தெடுக்க முடிவு செய்தபோதும் அப்படித்தான். முடிவு செய்த அன்றைக்கே அரசு இணையதளத்தில் பதிவு செய்துவிட்டேன். சம்பளச் சான்று, மருத்துவச் சான்று, திருமணச் சான்று, குடும்பப் போட்டோ என்று கேட்டதையெல்லாம் ஏற்றினேன். (போட்டோவில் பிரபு சிரிக்கவில்லை என்று மறுபடி எடுத்து ஏற்றினேன். அதிலும் அவர் சிரிக்கவில்லை.)

அடுத்த கட்டம் வீட்டு ஆய்வு. தத்தெடுப்பு மையத்திலிருந்து ஒரு சமூகப் பணியாளர் வருவார். வீட்டைப் பார்ப்பார், எங்களோடு பேசுவார், வீட்டுப் பெரியவர்களோடும் பேசுவார். இவர்களிடம் குழந்தையைக் கொடுக்கலாம் என்று அவர் எழுதினால்தான் காத்திருப்போர் வரிசையில் எங்கள் பெயர் நிலைக்கும். எழுதாவிட்டால் குழந்தை இல்லை. அவ்வளவுதான்.

இது தெரிந்த பிறகு நான் சும்மா இருப்பேனா? பிரபுவை சோபாவில் உட்காரவைத்து மாதிரி நேர்காணல் நடத்தினேன்.

“குழந்தை அடம் பிடிச்சா என்ன செய்வீங்க?” (மாமியார் ஊரிலிருந்து வந்திருந்ததால், அவர் இருக்கும்வரை பிரபுவுக்கு ‘ங்க’ மரியாதை.)

“நீ கத்துவ. நான் குழந்தையத் தூக்கிட்டு வெளிய போயிடுவேன்.”

“தப்பு! ‘பொறுமையா உக்காந்து பேசுவோம்.’ எங்க, திருப்பிச் சொல்லுங்க.”

அடுத்து அத்தை. பிரபுவின் அம்மாவுக்குக் காங்கேயம் பக்கம். தத்து என்று நாங்கள் தயங்கித் தயங்கிச் சொன்னபோது “எடுத்துக்கலாம் கண்ணு” என்று அவரைக்காயை நறுக்கிக்கொண்டே முடித்துவிட்டவர். அவருக்கு நான் அதிகம் விளக்கவில்லை.

“நாளைக்கு ஒரு மேடம் நம்மளப் பாக்க வர்றாங்க அத்தை. பாப்பா இருக்கற இடத்துலருந்து. அவங்களுக்குப் பிடிச்சாத்தான் மேற்கொண்டு பேச்சு.”

“பாப்பா ஊட்டுக்காரங்களா?”

“அப்படித்தான் வெச்சுக்குங்களேன்” என்று சொல்லிவிட்டு ஜன்னல் துடைக்கப் போய்விட்டேன். நான் வெச்சுக்கச் சொன்னதை அத்தை ரொம்ப நன்றாகவே வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் கீழ் வீட்டு தனம் அக்கா படியேறி வந்தார். நாங்கள் குடியிருக்கும் இந்த அயனம்பாக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். இப்போது எங்கள் அபார்ட்மெண்ட் நிற்கும் இடம் அவர்கள் குடும்பத்து நிலமாக இருந்ததுதான்.

“இன்னா நித்யா, உன் மாமியாரு காலீலயே வந்து தாம்பாளத்தட்டு வாங்கிகினு போச்சு? ஊட்ல இன்னா விசேஷம்? எங்கிட்ட சொல்லவே இல்ல?”

“சாமி கும்பிடுவாங்களா இருக்கும்க்கா” என்றேன். எனக்கு அதைவிட முக்கியமான வேலை இருந்தது. குழந்தை வளர்ப்புப் புத்தகங்களை அலமாரியில் அடுக்கி, எல்லாவற்றையும் படித்த மாதிரி தெரியட்டும் என்று அங்கங்கே பக்கங்களை மடித்துக்கொண்டிருந்தேன்.

சமூகப் பணியாளர் லதா மேடம் அம்பத்தூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். காட்டன் புடவை, தோளில் பை, சிரித்த முகம். அறைகளைப் பார்த்தார், பால்கனிக் கம்பிகளை ஆட்டிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார்.

“உங்களுக்குக் கோபம் வந்தா எப்படிச் சமாளிப்பீங்க நித்யா?”

“எனக்குக் கோபமே வராது மேடம்.”

“சமையலெல்லாம்?”

“மூணு வேளையும் வீட்டுச் சாப்பாடுதான் மேடம்.”

பிரபு மின்விசிறியை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்ப்பவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் வாசல் கதவு திறந்தது. அத்தை வந்தார், பட்டுப் புடவையில். கையில் தாம்பாளம், அதில் பூ, பழம், வெற்றிலை பாக்கு. பின்னால் இன்னொரு தட்டோடு தனம் அக்கா. அவருக்கும் பின்னால், நான் லிஃப்டில் மட்டுமே பார்த்திருந்த இரண்டு பெண்கள், ஆளுக்கொரு தட்டோடு.

“வாங்க சம்பந்தியம்மா” என்றார் அத்தை. “கீழ் ஊட்டுல எல போட்டாச்சுங்க. மொதல்ல வந்து கை நனைங்க, அப்புறம் பேசிக்கலாம்.”

லதா மேடம் எழுந்து நின்று கும்பிட்டார். “அம்மா, தப்பா நினைக்காதீங்க. போற வீட்ல நாங்க எதுவும் வாங்கிக்கக் கூடாது, சாப்பிடவும் கூடாது.”

அத்தையின் முகம் வாடிவிட்டது. அவர்கள் ஊரில் சம்பந்தம் பேச வருகிறவர்கள் சம்மதம் என்றால்தான் அந்த வீட்டில் சாப்பிடுவார்கள். கை நனைக்காமல் எழுந்தால் இடம் பிடிக்கவில்லை என்று அர்த்தம். இது எனக்கும் தெரியும். (என் கல்யாணத்துக்கு முன்னால் அத்தை எங்கள் வீட்டில் மூன்றாவது தடவை ரசம் கேட்ட பிறகுதான் என் அப்பாவுக்கு மூச்சு வந்தது.)

“ஏனுங்க, எங்க ஊட்டுல என்னங்க கொறை கண்டீங்க?” தட்டை டீப்பாயில் வைத்துவிட்டு அத்தை தரையில் உட்கார்ந்தார். “இவளுக்குக் கோவம் வரும்னு யாராச்சும் சொல்லிப்போட்டாங்களா? வருமுங்க, நான் இல்லீங்கல. போன வாரங்கூட ரிமோட்டத் தூக்கி அடிச்சா. ஆனா சோபா மேலதானுங்க அடிச்சா. பாத்துத்தான் அடிப்பா.”

“அத்தை...”

“நீ சும்மா இரு கண்ணு, பெரியவங்க பேசிட்டிருக்கறோம். சோறாக்க மாட்டாங்கறாங்களா? ஆக்க மாட்டாதானுங்க. வண்டியில கொண்டாந்து குடுக்கற பையன் பேரு, அவன் தங்கச்சி பேரு எல்லாம் எனக்கே தெரியும். அதுக்காக ஒரு பாப்பாவப் பட்டினியா போட்டுருவா?”

தனம் அக்கா ஆதரவுக்கு வந்தார். “மெய்தாம்மா. இது கத்துச்சுன்னா ஏரிக்கரை வரிக்கும் கேக்கும். ஆனா மன்சுல ஒண்ணும் வெச்சிக்காது. கொஞ்ச நேரத்துல அதுவே கீய வந்து காப்பித்தூள் கேக்கும்.”

நான் இதுவரை பார்த்தே இராத ஒரு குழந்தை என் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. அதை வழியனுப்ப எங்கள் பிளாக்கே தட்டோடு வந்திருந்தது.

லதா மேடம் பேனாவை மூடினார். அத்தைக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்தார். “ஒண்ணு கேக்கறேம்மா. பாப்பா வந்தப்புறம், ‘இது உங்க ரத்தம் இல்லையே’ன்னு சொந்தத்துல யாராவது பேசினா என்ன பண்ணுவீங்க?”

“எவ பேசுவா?” அத்தை சுற்றிலும் பார்த்தார். லிஃப்ட் பெண்கள் இருவரும் ஓரடி பின்னால் போனார்கள். “என்ற பேத்தியப் பத்தி எவளாச்சும் ஒரு வார்த்த சொல்லட்டும். அவ ஊட்டு விசேசத்துல நான் கை நனைக்க மாட்டேன். எங்கூர்ல அதுக்கு மேல தண்டனை கெடையாதுங்க.”

பிரபு தொண்டையைச் செருமினார். “மேடம், இவ கத்துவா. அப்ப நான் குழந்தையத் தூக்கிட்டு ஏரிப் பக்கம் போயிடுவேன். திரும்பி வர்றதுக்குள்ள சரியாயிடுவா.”

மேடம் என் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க நித்யா. உங்களுக்கு என்னதான் பயம்?”

மனப்பாடம் செய்த பதில்களில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. “நான் எதையாவது பண்ணி எல்லாத்தையும் கெடுத்துருவேன்னு மேடம்” என்றேன். “இப்பகூடக் கெடுத்துட்டேன்ல?”

அவர் சிரித்துவிட்டார். “ஒரு டம்ளர் தண்ணி குடுங்க” என்றார்.

அவர் கடைசிச் சொட்டு வரை குடிப்பதை அத்தை கண் கொட்டாமல் பார்த்தார். பிறகு தனம் அக்காவிடம் திரும்பி, “தண்ணி குடிச்சாச்சு. பாதி சம்மதம்” என்றார்.

அறிக்கை எங்களுக்குச் சாதகமாகவே வந்தது. அதன் பிறகு காத்திருந்தோம், என்னைப் போன்ற ஆளுக்கு அது நியாயமே இல்லாத அளவுக்கு நீண்ட காத்திருப்பு. ஒரு நாள் மத்தியானம் அலுவலகத்தில் இருந்தபோது ஒரு குட்டிப் பெண்ணின் படமும் மருத்துவ அறிக்கையும் வந்தன. யோசித்துச் சொல்ல அவகாசம் தருவார்கள். படத்தைப் பிரபுவுக்கு அனுப்பினேன்; அவர் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் நான் சம்மதம் சொல்லிவிட்டேன். கலெக்டர் ஆணையும் வந்து, யாழினி இப்போது எங்கள் மகள். அவள் கத்தினால் ஏரியின் அக்கரைக்கே கேட்கிறது.

பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று பார்க்க லதா மேடம் அவ்வப்போது வருகிறார். ஒவ்வொரு தடவையும் அத்தை இலை போடுவார். ஒவ்வொரு தடவையும் மேடம் தண்ணீர் மட்டும் குடிப்பார். “இன்னும் பாதி சம்மதத்துலயேதான் ஓடிட்டிருக்குது” என்று அத்தை தனம் அக்காவிடம் அலுத்துக்கொள்வார். எங்கள் வீட்டில் யாரும் அவரை லதா மேடம் என்று சொல்வதில்லை.

போன மாதம் அடுத்த வருகை எப்போது என்று கேட்க மையத்துக்குப் போன் செய்தேன். அவசரத்தில் வாய்ப் பழக்கத்தில், “சம்பந்தியம்மா இருக்காங்களா?” என்று கேட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அந்தப் பக்கம் இருந்த பெண் கொஞ்சம்கூட அசரவில்லை.

“அயனம்பாக்கந்தானே? லைன்ல இருங்க, குடுக்கறேன்.”