எங்கள் கோரிக்கையைத் தயவுசெய்து நிராகரிக்கவும்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு என்னைத் தவிர அனைவரும் நலம். தலைமை அலுவலகத்தில் தாங்களும், வீட்டில் அக்காவும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

ஊழியர்கள் தினமும் அலுவலகம் வரவேண்டும் என்று தாங்கள் தயாரித்த உத்தரவை எதிர்த்து எங்கள் சங்கம் போராடுவது தாங்கள் அறிந்ததே. வாரம் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை, அது நீடிக்க வேண்டும் என்பது கோரிக்கை. செயலாளர் என்ற முறையில் நேற்றுகூட "வீடே எங்கள் அலுவலகம்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அந்தக் கோரிக்கையை ஈவிரக்கமின்றி நிராகரிக்குமாறு கேட்டுக்கொள்ளவே இக்கடிதம்.

காரணம், உங்கள் தங்கை. அவளுடைய தையல் மிஷினுக்குப் பக்கத்தில்தான் எனக்கு இடம் ஒதுக்கியிருக்கிறாள். நான் கோப்பு பார்ப்பது அவள் கண்ணுக்குச் சும்மா இருப்பதாகத் தெரிகிறது. "சும்மாதானே உக்காந்திருக்கீங்க, இந்தப் பொத்தானைத் தச்சிடுங்க" என்கிறாள். அதுகூடப் போகட்டும். நாற்காலியில் கோட்டு தொங்கினால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். இது எங்கள் அலுவலக மரபு. நாம் டீ குடிக்கப் போனாலும் பல் பிடுங்கப் போனாலும் கோட்டு வேலை பார்க்கும். அதே நம்பிக்கையில் போன வாரம் வீடியோ கூட்டத்தின் நடுவே நாற்காலியில் கோட்டை மாட்டிவிட்டு பால்கனிக்கு டீ குடிக்கப் போனேன். பக்கத்து வீட்டு டாக்டர் கையைக் குறைக்கச் சொல்லிக் கொடுத்த கோட்டு என்று நினைத்து, உங்கள் தங்கை அதை எடுத்துக்கொண்டாள். "செயலாளர் எங்கம்மா? என்ன பண்றீங்க?" என்று அதிகாரி திரையிலிருந்து கேட்டிருக்கிறார். டாக்டர்தான் கோட்டைக் கேட்டு வந்திருக்கிறார் என்று நினைத்து இவள் கத்தரியை நிறுத்தாமல், "கையை வெட்டிக்கிட்டிருக்கேன் சார், சாயங்காலம் குடுத்துடறேன்" என்றிருக்கிறாள். அத்தோடு கூட்டத்தை முடித்துக்கொண்டார்களாம்.

மச்சான், எனக்கு என் ஜன்னலோர மேஜை வேண்டும். அங்கே என்னை "சார்" என்பார்கள். இங்கே நான் வெறும் "ஏங்க". ஏக்கமாக இருக்கிறது. வெளியே சொன்னால் செயலாளர் பதவி போய்விடும். புலிவாலைப் பிடித்தவன் கதைதான். நீங்கள் நிராகரித்ததும் உங்களைக் கண்டித்துப் பேசுவேன். மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, வெளியில் போய்ச் செய்யும்படியான வேலையில் அமர ஆசிகள்.

தங்கள் அன்புள்ள,
தங்கை கணவன்

பி.கு.: உறையை ஒட்டும்போது உங்கள் போன் வந்தது. "மாப்ளே, உங்களுக்காகத்தான் மேலிடத்துல கால்ல விழாத குறையாப் பேசினேன். இனிமே அஞ்சு நாளும் வீட்டுலயே இருக்கலாம்!" என்றீர்கள். நன்றி சொன்னேன் என்று நினைக்கிறேன். வெற்றிச் செய்தியை அறிவித்தபோது செயற்குழுவில் ஒருவரும் கைதட்டவில்லை. பொருளாளர் என்னை ஓரமாக இழுத்து, "தோழரே, என்னால வீட்டுல முடியலை. இதையும் எதிர்த்துப் பார்த்தா என்ன?" என்று கேட்டார். மற்றவர்கள் அதற்குத்தான் கைதட்டினார்கள். ஆகவே நாளை காலை உங்கள் அலுவலக வாசலில் போராட்டம், தலைமை நான். பதாகையை உங்கள் தங்கைதான் தைக்கிறாள். டாக்டர் கோட்டைக்கூட ஒதுக்கி வைத்துவிட்டாள். கூலியும் வேண்டாமாம்.