கீறல் விழாத கப்பல்

பயந்தாங்கொள்ளியிடம் ஒரு பொருளைக் கொடுத்தால் பத்திரமாக இருக்கும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். என் மாமா அப்படி ஒருத்தர். (பாவம், பாதி ஆயுசு கடலிலேயே இருந்தவர். என்னைச் சரியாகத் தெரியாது.)

கடற்படையில் ஒரு நாசகாரிக் கப்பலில் இன்ஜின் பார்த்தவர் அவர். கப்பலும் அவரும் ஒரே வருசத்தில் ஓய்வு பெற்றார்கள். சேந்தமங்கலத்தில் வீடு கட்டி, பால் காய்ச்சும் நாளுக்குப் பழைய கப்பல்காரர்களையெல்லாம் அழைத்திருந்தார். கூடத்தில் வைக்க, அந்தக் கப்பலையே மூன்றடி நீளத்துக்கு மரத்தில் செய்யச் சொல்லி எங்கள் கொல்லிமலைச் செம்மேட்டு ஆசாரியிடம் கொடுத்திருந்தார். அதைக் கீழே கொண்டுபோவதும், சபையில் கப்பலின் சேவை வரலாற்றை ஒப்பிப்பதும் என் பொறுப்பு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனுக்கு ஏன் இந்த வேலை என்றால், தன் பெண் பூங்கொடியை எனக்குக் கொடுக்கலாமா என்று மாமா யோசித்துக்கொண்டிருந்தார். இது பரீட்சை.

ஒரு வாரம் மிளகுக் கொடிகளிடம் ஒப்பித்துப் பார்த்தேன். எந்தக் கொடியும் குறை சொல்லவில்லை.

கப்பலோடு கிளம்பியபோது பலா சீசன். பஸ்ஸில் ஆட்களைவிடப் பழம் அதிகம். கீழே இறங்க எழுபது வளைவு. மடியில் வைத்தால் நழுவும், மேலே வைத்தால் விழும், ஜன்னல் பக்கம் வைத்தால் எவனாவது பீரங்கியைப் பிடுங்கிக்கொள்வான். (யாருக்கு வேண்டும் மரப் பீரங்கி? அப்போது தோன்றவில்லை.) மலையில் ஜீப்பில் எது உருண்டாலும் இரண்டு பக்கமும் பலாப்பழத்தை அண்டக் கொடுப்போம். அதையே செய்தேன்.

"ஏனுங்க, உங்க பழத்தைக் கொஞ்சம் நகத்திக்கட்டுங்களா?"

"நகத்துங்க. நல்லாப் பழுத்ததுங்க, பாத்து."

முப்பத்தெட்டாவது வளைவில் எதிரே லாரி. டிரைவர் பிரேக் போட்டார். இடது பழம் வலது பழத்தைப் பார்க்கப் போனது, நடுவில் கப்பல். 'தொப்' என்று ஒரு சத்தம். கொடிமரத்தில் சுளை, பீரங்கியில் சடைநார், மற்ற இடமெல்லாம் பிசின்.

பலாப் பிசினுக்கு மருந்து மண்ணெண்ணெய் என்பது மலையில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். சேந்தமங்கலத்தில் இறங்கியதும் ஒரு பட்டறையில் கெஞ்சி வாங்கித் துடைத்தேன். பிசின் போனது. சாம்பல் நிற பெயிண்டும் போனது. கப்பலின் நம்பரும் போனது. பீரங்கி கையோடு வந்துவிட்டது. மிச்சத்தைத் துண்டால் மூடி, கூடத்தில் வைத்தேன்.

"மாப்ள, ஆரம்பிங்க" என்றார் மாமா.

ஆரம்பித்தேன். புயலில் தத்தளித்த மீனவர்களைக் கரை சேர்த்தது, வெளிநாட்டுத் துறைமுகங்களில் கொடி பறக்க நின்றது, நடுக்கடலில் இன்ஜின் நின்றபோது மாமா அதற்கு உயிர் கொடுத்தது, எல்லாம் அருவி மாதிரி வந்தது. கடைசி வரி: "இத்தனைக்கும் பிறகு, ஒரு கீறல்கூட விழாமல்…"

மாமா துண்டை உருவினார்.

முதலில் ஈக்கள் வந்து மரியாதை செலுத்தின. ஒப்பித்துப் பழகிய என் வாய் நிற்கவில்லை: "…கொல்லிமலை முப்பத்தெட்டாவது வளைவில் பலாப்பழம் தாக்கி, சேந்தமங்கலம் பட்டறையில் பீரங்கியை இழந்து, ஓய்வு பெற்றது."

கப்பல்காரர் ஒருத்தர் விறைப்பாக எழுந்து சல்யூட் அடித்தார். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார், கப்பலைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். என் கல்யாணம் மூழ்குவது எனக்கே தெரிந்தது.

அப்போது பூங்கொடி வந்து, புகைபோக்கிக்குள் நான் துடைக்க மறந்த ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"மண்ணெண்ணெய் வாசம் அடிக்குதுங்கப்பா. ஆனா நல்ல இனிப்பு."

மாமாவின் மீசை முதலில் ஆடியது. அப்புறம் வயிறு.

பெண்ணைக் கொடுத்துவிட்டார். இப்போது எங்களுக்கு இரண்டு குழந்தைகள். ஒவ்வொரு தடவையும் நாங்கள் மலைக்குத் திரும்பும்போது மாமா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து, ஜன்னல் வழியாக மகளிடம் பஸ்ஸே கேட்கும்படி சொல்வார்:

"கண்ணு, கொழந்தைகளை நீயே வெச்சுக்க. மாப்ள கையில மட்டும் குடுத்துறாத சாமி!"