ஆடி மாதத்தில் நின்ற ஆகாய விமானம்

இரண்டாவது உலக யுத்தம் இன்னும் கொஞ்ச நாள் நடந்தால் தேவலை என்று மனதார வேண்டிக்கொண்ட நல்ல மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெல்ல மண்டியின் மாடியில், என் கட்டிலுக்கு எதிர்க்கட்டிலில் படுத்திருந்தார். வெல்லத்தை மொய்க்க வந்த எறும்பைக்கூடக் காகிதத்தில் ஏந்திக் கொண்டுபோய் வாசலில் விட்டுவிட்டு வருகிறவர். ஆனால் பேப்பரில் 'சமாதானம் நெருங்குகிறது' என்று வந்துவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

பெற்றோர் அவருக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். சர்வே ஆபீசில் சம்பளம் கொடுக்கிறவர்களுக்கு அது தெரிந்திருக்கலாம். எங்களுக்கு அவர் ஸ்கேல் சார். ஊரில் உள்ள வயல், ஏரி, வாய்க்கால் எல்லாவற்றையும் காகிதத்துக்குள் அடங்குமாறு சுருக்கி வரைவது அவர் உத்தியோகம். பகலெல்லாம் சுருக்கிப் பழகிய கை, சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிறகும் சும்மா இருக்க மறுத்தது. மெஸ்ஸில் தோசையைத் தம் ஆறங்குல ஸ்கேலால் அளந்துவிட்டுத்தான் விள்ளுவார். "நேத்தைக்கு இன்னிக்கு அரை அங்குலம் குறையுது" என்பார். மெஸ்காரர் அவருக்கு மட்டும் தோசையைச் சுருட்டிக் கொண்டுவந்து வைக்க ஆரம்பித்தார்.

நான் அப்போது சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. ஆங்கில இலக்கியத்தைக் கரைத்துக் குடித்திருந்ததால் என் தகுதியை உணர்ந்து தபால் உறைகளுக்கு அரக்கு வைக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தார்கள்.

யுத்தப் பிரசார வண்டி ஒன்று ஊருக்கு வந்து, ஆளுக்கொரு படத்தாளை விநியோகித்துவிட்டுப் போனதில் தொடங்கியது வினை. எனக்குக் கிடைத்ததை நான் பால் டம்ளருக்கு மூடியாக்கினேன். ஸ்கேல் சாருக்குக் கிடைத்தது ஸ்பிட்ஃபயர் சண்டை விமானம். நீளம் இவ்வளவு, இறக்கைக்கு இறக்கை இவ்வளவு என்று ஓரத்தில் அச்சடித்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் அவர் கண்ணில் தெரிந்த ஒளியை நான் மாப்பிள்ளைகளிடம்தான் பார்த்திருக்கிறேன்.

"இருபத்துநாலில் ஒரு பங்கு சார்! இறக்கை ஒரு முழத்துக்குச் சித்தே கூட வரும். செஞ்சுடலாம்."

உடம்புக்குக் கல்யாண முருங்கைக் கட்டை. வாலுக்கு மண்ணெண்ணெய் டின். பீரங்கிக் குழாய்களுக்குச் சைக்கிள் கம்பி; அது என் சைக்கிளின் கம்பி என்பதை ஒரு நாள் சக்கரம் கோணியபோது அறிந்தேன். மேலே கண்ணாடிக் கூண்டுக்குப் பயாஸ்கோப் பிலிம் துண்டு ஒன்றைக் கழுவி வைத்துக்கொண்டார். விமான ஓட்டியை மெழுகில் பிடித்தார். அவனுக்கு மீசை வைக்க மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று.

ஒரு சங்கடம். படத்தில் விமானத்தின் மேல்புறமும் பக்கவாட்டும்தான் இருந்தன. அடிவயிறு எப்படி இருக்கும் என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை. "வழவழன்னு விட்டுடுங்களேன், யார் திருப்பிப் பார்க்கப் போறா?" என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஒரு காலையில் நிஜ விமானம் ஒன்று செவ்வாய்ப்பேட்டைக்கு மேலே தாழப் பறந்தது. குண்டு விழப் போகிறது என்று தெருவே வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டது. நான் கட்டிலுக்கு அடியில் இருந்தேன். ஸ்கேல் சார் மட்டும் நடுத்தெருவுக்கு ஓடிப்போய் மல்லாந்து படுத்துவிட்டார். வெல்லம் ஏற்றி வந்த மாட்டு வண்டி அவர் கால்மாட்டில் வந்து நின்றது. எங்கள் வீட்டுக்காரரும் மண்டி முதலாளியுமான திருச்செங்கோட்டுக் கவுண்டர் பதறிக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க சாமி, ஆளு போயிட்டாருங்களா?"

"இல்லீங்க. அடிவயிறு பார்க்கிறார்" என்றேன், கட்டிலடியிலிருந்து வெளியே வந்து ஜன்னல் வழியாக.

கவுண்டர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். "ஒரு பொம்மைக்காகவா சாமி உசுரை உடப் பாத்தீங்க?" என்றார்.

ஸ்கேல் சார் படுத்தபடியே விரலை உயர்த்தினார். "பொம்மைன்னு சொல்லாதீங்க கவுண்டரே. யுத்தம் நடக்கறப்போ செஞ்சு முடிச்சா அது யுத்த விமானம். யுத்தம் முடிஞ்சப்பறம் முடிச்சாத்தான் பொம்மை."

அவர் வாழ்க்கையின் சட்டம் அந்தத் தெருவில் அப்படித்தான் இயற்றப்பட்டது. அன்றுமுதல் உலக யுத்தத்துக்கும் ஸ்கேல் சாருக்கும் பந்தயம். தெருவில் போகிற வருகிறவர்கள் எல்லோரும், "என்னுங்க, முந்தறது யாருங்க?" என்று விசாரிப்பார்கள்.

முந்துகிற வேகத்தில் அவர் வேலை செய்யவில்லை. செதுக்குவார், அளப்பார், பெருமூச்சு விடுவார், மறுபடி முதலிலிருந்து செதுக்குவார். போதாததற்கு இறக்கைகளின் மேல் காகிதம் ஒட்ட அவர் பயன்படுத்திய பசை மரவள்ளிக்கிழங்கு மாவில் காய்ச்சியது. ரேஷன் காலம், மனிதர்களுக்கே அரிசி இல்லை. கீழே மண்டியிலிருந்து வந்த பெருச்சாளி ஒன்று வலது இறக்கையை முழுக்கத் தின்றுவிட்டுப் போயிற்று. "ஒரு எதிரி விமானத்தைக்கூடப் பார்க்காம வீழ்ந்துட்டுதே சார்" என்று துக்க வீட்டுக்காரரைப்போல உட்கார்ந்திருந்தார். புது இறக்கைக்குப் பசையில் வேப்பெண்ணெய் கலந்தார். அதன்பின் பெருச்சாளி வரவில்லை. எங்கள் அறைக்கு நண்பர்களும் வரவில்லை.

ஜெர்மனி சரணடைந்த செய்தி வந்தது. தெருவில் மிட்டாய் கொடுத்தார்கள். ஸ்கேல் சார் மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஜப்பான்காரன் இருக்கானே சார்?"

"இருக்கான்."

"ரோஷக்காரன்தானே?"

"ரொம்ப."

அதற்கப்புறம்தான் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டார். இரவு விளக்கை அணைத்த பிறகு மெதுவாக, "பாவம் சார், அங்கே எத்தனை பேரோ" என்றார். இரண்டையும் சொன்னவர் ஒரே மனிதர்தான்.

ஆனி மாதக் கடைசியில் எல்லாம் தயார். இறக்கையில் வட்டச் சின்னம்கூடப் போட்டாகிவிட்டது: சலவை நீலம், சுண்ணாம்பு, நடுவில் குங்குமம். மூக்கில் சுழலும் விசிறி மட்டும் பாக்கி. அதைச் செதுக்கி ஒரு தீப்பெட்டிக்குள் பஞ்சில் படுக்க வைத்திருந்தார். மறுநாள் காலையில் மாட்டினால் தீர்ந்தது. அந்த நேரம் பார்த்துக் கவுண்டர் மாடிக்கு வந்தார்.

"நாளைக்கா முடிக்கிறீங்க? நாளைக்கு ஆடி பொறக்குதுங்க சாமி!"

"அதனால என்ன?"

"என்னுங்க இப்படிக் கேக்கறீங்க? ஆடியில ஆராச்சும் புது ஊட்டுக்குக் குடி போவாங்களா? பொண்ணு எடுப்பாங்களா? இத்தனை வருசம் பாடுபட்டு, ஆகாத மாசத்துல முடிச்சா மூக்குல உழுந்துடாதுங்களா?"

"அப்ப இன்னிக்கே மாட்டிடறேன்."

"இன்னிக்கு அஷ்டமிங்க."

சர்வே ஆபீஸ் ஸ்கேலால் ஜில்லாவையே அளந்தவர், பஞ்சாங்கத்தின் முன்னால் சுருண்டுவிட்டார். ஆவணி முதல் தேதி என்று முடிவாயிற்று. கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஊரே மஞ்சள் வேஷ்டியும் வேப்பிலையுமாகத் திரிந்தது. தெருவெல்லாம் மேளம். ஸ்கேல் சார் தீப்பெட்டியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போய் வந்தார்.

ஆடி முடிய ஓரிரு நாள் இருக்கையில் ஜப்பான் சரணடைந்தது.

ஊர் ஆர்ப்பரித்தது. அந்த ஆர்ப்பாட்டத்தில் யாரோ ஒரு புண்ணியவான் எங்கள் ஜன்னலைப் பார்த்து, "ஸ்கேல் சார், இனிமே அது பொம்மைதானுங்கோ!" என்று கத்திவிட்டான். ஸ்கேல் சார் தீப்பெட்டியை ஜன்னலில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்தார். மெஸ்காரர் தாமாகவே சுருட்டாத, முழு அளவுத் தோசையைக் கொடுத்தனுப்பினார். அளக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

மறுநாள் கவுண்டர் மாடிப்படியில் பாதி வரைக்கும் வந்து, திரும்பிப் போய், மறுபடி வந்தார். குற்றவாளி முகம். என்னை வெளியே கூப்பிட்டார்.

"ஏனுங்க, நீங்க பேப்பர் படிக்கிறவிங்க. ஜப்பான்காரன் கையெழுத்துப் போட்டுட்டானுங்களா?"

பேப்பரைப் புரட்டினேன். "சம்மதம்னு சொல்லியிருக்கான். கையெழுத்து இன்னும் ஆகலை."

கவுண்டர் நிமிர்ந்தார். உள்ளே போய் ஸ்கேல் சாரின் கட்டில் காலைத் தட்டினார். "சாமி, எந்திரிங்க. ஒரு நாயம் கேக்கறேன். நான் எங்காட்டை உங்களுக்குக் கெரயம் பேசி முடிச்சுட்டனுங்க. ஆனா ரிஜிஸ்தர் ஆகலை. காடு ஆருதுங்க?"

சுவரிலிருந்து பதில் வந்தது. "உங்களுது."

"அதுல வெள்ளாமை நான் எடுக்கலாமுங்களா?"

"எடுக்கலாம்."

"அப்பறம்? சண்டை இன்னும் ரிஜிஸ்தர் ஆகலீங்க சாமி! எந்திரிச்சு வெள்ளாமையை எடுங்க!"

ஸ்கேல் சார் மெல்லத் திரும்பினார். நிலப் பத்திரங்களோடு ஆயுளைக் கழித்தவர். அந்த நியாயத்தில் ஓட்டை தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. எழுந்து உட்கார்ந்தார். "அந்தத் தோசை இருக்கா சார்?" என்றார் என்னிடம்.

ஆவணி முதல் தேதி காலையில் எங்கள் அறையில் நிற்க இடமில்லை. ஸ்கேல் சார் குளித்து, விபூதி இட்டு, தீப்பெட்டியைத் திறந்து விசிறியை மாட்டினார். ஊதினார். சுற்றியது. கவுண்டர், பெட்ரோல் பஞ்சத்தில் கரிவாயுவில் ஓட்டிய தம் லாரிக்குச் செய்வதைப்போலவே, பெரிய எலுமிச்சம்பழம் ஒன்றைச் சக்கரத்தின்கீழ் வைக்க வந்தார். பழம் சக்கரத்தைவிடப் பெரிது.

"இது ஸ்கேல்ல இல்லே கவுண்டரே."

சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். இருபத்துநாலில் ஒரு பங்கு என்றால் எலுமிச்சம்பழம் கடுகு; தேங்காய் மிளகு; திருஷ்டி சுற்ற வேண்டிய பூசணிக்காய் ஒரு சுண்டைக்காய். கடுகுகளைச் சக்கரங்களின்கீழ் வைத்து விமானத்தை அரை அங்குலம் நகர்த்தினார். கவுண்டர் அத்தனை பெரிய உடம்பை வளைத்துக் குனிந்து, மூன்று தரம் பயபக்தியோடு சுற்றி, சுண்டைக்காயைக் கட்டை விரலால் வாசற்படியில் நசுக்கினார். யாரும் சிரிக்கவில்லை.

"ஏரோப்ளேனு அம்சமா இருக்குதுங்க சாமி" என்றார் கவுண்டர்.

நான் குனிந்து கண்ணாடிக் கூண்டுக்குள் பார்த்தேன். இருக்கை காலியாக இருந்தது. "சார், உங்க ஓட்டி எங்கே?"

பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில், விபூதித் தட்டில் சாய்ந்து, மீசையோடு உட்கார்ந்திருந்தான்.

"லீவு குடுத்துட்டேன் சார்" என்றார் ஸ்கேல் சார், கொஞ்சம் வெட்கத்தோடு. "சண்டைதான் முடியப்போவுதே. அவனுக்கும் வீடு வாசல் இருக்கும்."

இன்றும் ஆயுத பூஜைக்கு என் சைக்கிள் சக்கரத்தின்கீழ் எலுமிச்சம்பழம் வைக்கும்போது, பக்கத்தில் ஒரு கடுகும் வைக்கிறேன். வீட்டில் கேட்டால், தாளிக்கும்போது தெறித்திருக்கும் என்று சொல்லிவிடுவேன்.