நீலக்குளிகைப் பெருவிழா

சீதளபுரி என்றொரு நாடு. காய்ச்சல் கண்டால் நீலக்குளிகை, கால் வலித்தால் நீலக்குளிகை, கறவை மாடு சோம்பி நின்றால் அதற்கும் ஒரு நீலக்குளிகை என்று குடிகள் நிம்மதியாக வாழ்ந்துவந்தார்கள்.

அரண்மனை வைத்தியர் தையல்நாயகிக்குத்தான் நிம்மதி இல்லை. ஒருநாள் சபையில் போய் நின்றார்.

"மன்னா, நீலக்குளிகை கிருமியைக் கொல்ற மருந்து. ஏழு நாள் விடாம சாப்பிடணும். நம்ம ஜனங்க கண்ட வலிக்கெல்லாம் ரெண்டு போட்டுட்டு நிறுத்திடறாங்க. தப்பிச்ச கிருமி மருந்துக்கே பழகிடுது. நாளைக்கு உயிர் போற நேரத்துல இது கேக்காது."

மன்னர் மிகவும் கவலைப்பட்டார். தேர்தல் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. விழிப்புணர்வுத் துறை அமைச்சர் அதிவீரநம்பி கனைத்துக்கொண்டு எழுந்தார்.

"தெரியாத ஜனங்களுக்குத் தெரியவைப்போம். பெருவிழா எடுப்போம். வெறுங்கையோட அனுப்பினா யாரும்மா வருவா? வர்றவங்களுக்கு ஆளுக்கு ரெண்டு நீலக்குளிகை இலவசம்!"

"ஐயா, அதைத்தானே வேண்டாம்னு சொல்றேன்!"

"ஏழும் குடுக்கணும்னா கஜானா தாங்காதும்மா."

கூட்டம் அலைமோதியது. அமைச்சர் வெயிலில் நான்கு மணி நேரம் பேசியதில் தலைவலி கண்டவர்கள், கைக்கு வந்த இரண்டையும் அங்கேயே மோரோடு விழுங்கினார்கள். வரவேற்பைக் கண்டு மகிழ்ந்த மன்னர், விழாவை வாரந்தோறும் நடத்த ஆணையிட்டார். அலங்கார வளைவு கட்ட வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்பது அடுத்த ஆணை.

தையல்நாயகி வீட்டிலிருந்து அவருடைய கணவர் உலகளந்தான் போனார். 'மருந்தை வீணாக்காதீர்' என்ற வளைவைத் தூக்கி நிறுத்தும்போது பாதத்தில் ஆணி ஏறியது. மூன்றாம் நாள் கால் வீங்கிச் சீழ் வைத்தது. தையல்நாயகி ஏழு நாளும் வேளை தவறாமல் நீலக்குளிகை கொடுத்தார். வீக்கம் முழங்காலைத் தாண்டியது.

"என்ன தையலு, உன் மருந்து இன்னும் வேலைய ஆரம்பிக்கலையா?"

"ஆரம்பிச்சிடுச்சு. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

கணவரிடம் அவர் சொன்ன முதல் பொய் அது. இரண்டு நாளில் உலகளந்தான் போய்ச் சேர்ந்தார். தையல்நாயகிக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது.

நாட்டில் வேறு யாருக்கும் நீலக்குளிகை கேட்கவில்லை. கேட்காத மருந்தை எவர் விழுங்குவார்? இலவசமாகக் கொடுத்தாலும் சீந்துவாரில்லை. அமைச்சர் சபையில் அறிக்கை வாசித்தார்.

"மன்னா, நாட்டுல இன்னைக்கு ஒருத்தர்கூட நீலக்குளிகை போடறதில்லை. விழிப்புணர்வு முழுசா ஜெயிச்சிடுச்சு!"

பாராட்டி மாலை போடுவதற்காகத் தையல்நாயகியை அழைத்தார்கள். வெள்ளைச் சேலையில் வந்து நின்றவரை மன்னர் பரிவோடு பார்த்தார்.

"வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வந்திருக்கலாமேம்மா?"

"நேத்துதான் கருமாதி முடிஞ்சுது மன்னா. இந்த மாசம் எங்க தெருவுல அது ஆறாவது."

மன்னர் அமைச்சர் பக்கம் திரும்பினார்.

"எழுதிக்கோங்க. இனிமே எந்த மருந்துமே தேவைப்படாதவங்க எண்ணிக்கையும் நம்ம ஆட்சியிலதான் கூடியிருக்கு."