எதற்கும் இன்னொரு தடவை

‘எதற்கும் இன்னொரு தடவை பார்த்துவிடலாம்’ என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? வீட்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய், திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பார்கள். உள்ளே இருக்கும் மனைவி, “என்னையும் சேர்த்துப் பூட்டிட்டீங்க!” என்று கத்துகிற வரைக்கும் ஓயமாட்டார்கள்.

இந்த இனத்தின் தலைமகன் ஓர் அணு ஆய்வுக்கூடத்தில் இருக்கிறார். பட்டப்பெயர் தராசு. நியூட்ரான்களை அளவுக்கு மீறி அடைத்துக்கொண்ட அணுக்கருக்களை எடைபோடுவது அவர் தொழில். தங்கம் போன்ற கனமான தனிமங்கள் விண்வெளியில் எப்படி உருவாயின என்ற கணக்கு இந்த எடை தெரியாமல் நகராது. அணுக்கருவோ அரை நொடியில் வேறொன்றாகிவிடும். அதற்குள் அதைக் காந்தப் பொறியில் பிடித்து, சுற்றவிட்டு, சுற்றுகிற வேகத்தை வைத்தே எடையைச் சொல்லிவிடுவார். கில்லாடிதான்! ஆனால் அரை நொடியில் அளந்ததை வெளியே சொல்ல அவருக்கு ஆண்டுக்கணக்கில் மனசு வராது.

அவரோடு சேர்ந்து அளந்த பெண்ணுக்கு ஒப்பந்த வேலை. கட்டுரை வெளிவந்தால் வேலை நீடிக்கும். இல்லையென்றால் மாதக் கடைசியோடு சரி.

“சார், இன்னைக்காவது கட்டுரையை அனுப்பிடலாமா?”

“தாராளமா அனுப்பலாம்மா. காந்தம் கொஞ்சம் சூடாகி எடை மாறியிருக்குமோன்னுதான்... எதுக்கும் இன்னொரு தடவை.”

“போன வாரம் அதைத்தானே சார் பார்த்தோம்?”

“அப்போ கதவு திறந்திருந்துச்சேம்மா!”

கதவிடுக்கில் நாடா ஒட்டினார். பக்கத்து அறையில் யாரும் விசிறி போடக்கூடாது என்றார். கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். தப்பாகிப்போனால் நாலு பேர் சிரிப்பார்களே என்ற பயம். அந்தப் பயத்துக்குக் கவனம் என்று பெயர் சூட்டியிருந்தார், அவ்வளவுதான்.

மாதக் கடைசியும் வந்தது. அன்று காலை தராசு துள்ளிக்கொண்டு ஓடிவந்தார்.

“பாத்தியாம்மா? இன்னொரு ஆய்வுக்கூடத்துல அதே அணுக்கருவை அளந்து போட்டிருக்காங்க. அப்படியே நம்ம எண்! நாம அளந்தது சரிதான்!”

அந்தப் பெண் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தாள். “சரிதான் சார். போன வருஷமே சரிதான்” என்று சொல்லிவிட்டுத் தன் காபிக் கோப்பையைத் துணியில் சுற்றினாள்.

தராசுக்கு முகம் சுண்டிப்போயிற்று. தாங்கமுடியாத வருத்தம். உடனே அவளுக்கு வேறு வேலை கிடைப்பதற்காக ஒரு சிபாரிசுக் கடிதம் எழுத உட்கார்ந்தார்.

இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் உங்கள் கைபேசியில், யாருக்கோ எழுதி, அழித்து, மறுபடியும் எழுதி, இன்னும் அனுப்பாமல் ஒன்று கிடக்கிறதே... அதை அனுப்பிவிட்டு வந்து சிரியுங்கள்.