இடுப்பளவுத் தண்ணீரில் சாகசம்

இயேசு மரி சூசை

குடவாசல்,
வியாழக்கிழமை

மைத்துனர் திரு. ஆல்பின் அவர்களுக்கு, தங்கள் அக்காள் புருஷன் பெரியநாயகசாமி எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நான் இடுப்புக்கு மேலே நலம். இடுப்புக்குக் கீழே நலமில்லை, அதற்குக் காரணம் தாங்கள். வேதாரண்யத்தில் தங்கள் மனைவி ரோஸ்லின் முதலான எல்லோரும் நலமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். தங்களையும் சேர்த்துத்தான் வேண்டுகிறேன், ஜெபத்தில் ஆளைப் பிரித்தால் பாவம் என்பதால். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். உங்கள் அக்காள் அக்னஸ் கல்லறையில் ஈரமண் காய்வதற்குள் உங்கள் நம்பரை அழித்துவிட்டேன். மகளிடம் கேட்க ரோஷம் விடவில்லை.

என் மகள் பிரின்ஸியின் கல்யாணத்துக்கு நீங்கள் வர வேண்டாம் என்று சொல்லவே இதை எழுதுகிறேன். போன ஞாயிறு ஒரே படகில் உட்கார்ந்துவிட்டதால் சமாதானம் ஆகிவிட்டதாக நினைக்காதீர்கள். அது அவள் செய்த சதி. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக் கெட்டுப்போய்விட்டாள். மனிதர்கள் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள ஆற்றில் காயாக் என்கிற இரண்டு பேர் துடுப்புப் படகு விட வேண்டுமாம், அதில் மனசு வளருமாம். இந்த வயதில் வளர்ந்து நான் எந்த நிலைவாசலில் இடித்துக்கொள்வது? கல்யாணப் பெண் கெஞ்சுகிறாளே என்று போனேன். நீங்கள் வருவதை என்னிடம் சொல்லவில்லை, நான் வருவதை உங்களிடமும் சொல்லவில்லை. கரையில் உங்களைப் பார்த்ததும் திரும்பியிருப்பேன். அதற்குள் பயிற்சி கொடுக்கும் பெண் பூவிழி எனக்கு லைஃப் ஜாக்கெட்டை மாட்டி இறுக்கிவிட்டாள், எனக்கு அதைக் கழற்றத் தெரியவில்லை.

முன்னால் இருப்பவர் போடும் தாளத்துக்குப் பின்னால் இருப்பவர் துடுப்புப் போட வேண்டும் என்று அவள் படித்துப் படித்துச் சொன்னாள். முன்னால் நீங்கள். உப்பளத்தில் உப்பு வாருவது போல வாரினீர்கள். மற்றக் குடும்பங்கள் எல்லாம் சிரித்துக்கொண்டே பாலத்தைத் தாண்டிவிட்டன, நம் காயாக் மட்டும் நின்ற இடத்திலேயே சுற்றியது. "சார், ஒருத்தருக்கொருத்தர் பேசிக்குங்க சார்! பேசினாதான் போட் நேராப் போகும்!" என்று அவள் கத்துகிறாள். பேசுவதாம்! நாலு வருஷத்துக்கு முன்னால் கல்லறைத் தோட்டத்தில் ஊரே நிற்க நீ பேசினாயே, "ரெண்டு நாள் முன்னாடியே தஞ்சாவூருக்குக் கொண்டுபோயிருந்தா எங்கக்கா பொழச்சிருக்கும்"னு, அதுக்கப்புறம் என்னய்யா பேச்சு? அந்த ரெண்டு நாளை நான் நினைக்காத நாள் உண்டா? அதை நீ வேற சொல்லணுமா?

சரி, பேசாமலாவது கரை சேர்ந்திருக்கலாம். நம் வயலுக்குத் தண்ணீர் பிரிகிற வாய்க்கால் தலைப்பு வந்தது. மதகை அடைத்துக்கொண்டு ஆகாயத்தாமரை! குறுவைப் பயிர் தண்ணீர் இல்லாமல் வாடுகிற நேரத்தில் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியுமா? நான் கையை நீட்டிச் சாய்ந்தேன். உப்பளத்துக்குப் போய் இத்தனை காலம் ஆகியும் உனக்கு வயல்காரப் புத்தி போகவில்லை, நீயும் அதே நேரம் அதே பக்கம் சாய்ந்தாய். அன்றைக்கு நாம் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான், காயாக் கவிழ்ந்துவிட்டது. பூவிழி விசில் ஊதுகிறாள், கயிற்றை வீசுகிறாள், "ஐயோ, கயித்தப் புடிங்க சார்!" என்று அலறுகிறாள். நாம் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று தாமரையைப் பிடுங்குகிறோம். "வேரோட இழுங்கத்தான், தழைய அறுக்காதீங்க!" என்று எனக்கே பாடம் எடுக்கிறாய். "எல்லாம் தெரியும், நீ வாய மூடிக்கிட்டு இழு" என்றேன். மதகில் தண்ணீர் பாய்ந்த பிறகுதான் காயாக்கைத் தேடினோம். அது யாருமில்லாமல் நேராகப் போய்க்கொண்டிருந்தது.

அப்போது நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னவோ கேட்டாய். "அக்கா கடைசியா என்னப் பத்தி எதாச்சும் சொன்னுச்சா அத்தான்?" என்று கேட்டது போலிருந்தது. என் காதில் தண்ணீர் போயிருந்ததால் சரியாக விழவில்லை. விழாத கேள்விக்கு யார் பதில் சொல்வார்கள்? கரையேறிவிட்டேன்.

கோயிலில் மூன்றாவது கல்யாண அறிவிப்பு ஓலையும் வாசித்தாகிவிட்டது. அடுத்த புதன்கிழமை திருமணத் திருப்பலி. பத்திரிகையில் தாய்மாமன் என்று தங்கள் பெயர் இருப்பது வெறும் முறைக்காக. அதை நம்பி பஸ் ஏற வேண்டாம். தாய்மாமன் மாலையை நானே என் மகளுக்குப் போட்டுக்கொள்கிறேன், எனக்கும் கை இருக்கிறது. ரோஸ்லினுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர். மாதா உங்கள் வீட்டை ஒரு குறையுமில்லாமல் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
இடுப்பு வலியுடன்,
பெரியநாயகசாமி

பின்குறிப்பு: காதில் தண்ணீரெல்லாம் போகவில்லை. ஆஸ்பத்திரியில் அவள் கடைசியாகக் கண் திறந்தபோது நீ வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். "ஆல்பின் சாப்பிட்டானா?" என்று கேட்டாள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த எரிச்சல்லதான் இத்தனை நாளா உன்கிட்ட சொல்லல. செவ்வாய்க்கிழமை மத்தியானமே வந்துடு. வந்து சாப்பிடு.